குராமோச்சி தொடாத தொப்பி

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. குராமோச்சியும் நானும் சகாதா துறைமுகத்துக்காரர்கள். ஒரே பள்ளி, பிறகு ஒரே பேஸ்பால் அணி. அவன் பிட்சர், அவன் வீசுவதைப் பிடிக்கும் கேட்சர் நான். மழையில் ஆட்டம் நின்றுபோனால்கூட மைதானத்தை வணங்கிவிட்டுத்தான் வெளியேறுவான்.

"மண்ணு என்ன உனக்கு மாமனாராடா?" என்று கிண்டல் செய்வேன்.

முப்பது வயதில் அமெரிக்கா போனான். பெரிய அணி எடுத்தது. ஒரே வருஷத்தில் ஏதோ சின்ன ஊர் அணிக்குத் தள்ளிவிட்டது. அங்கே ஒருநாள் மட்டையாளன் தோளில் பந்து பட்டுவிட, எங்கள் ஊர் வழக்கப்படி மன்னிப்புக் கேட்டுத் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தான். சொந்த அணிக்காரர்களே சிரித்தார்கள்.

"இன்னொரு தடவ தொப்பியத் தொட்டே, மூட்டையக் கட்டிக்க. பயந்தாங்கொள்ளின்னு ஏறி மிதிப்பானுங்க" என்றாராம் பயிற்சியாளர்.

கையை அடக்கப் பழகினான். மூன்று வருஷத்தில் அங்கே உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான் என்பான்.

ஊர் திரும்பி எங்கள் அணிக்கு அவன் ஆடிய முதல் ஆட்டம். எதிரே மட்டையுடன் நெமோதோ. பள்ளியில் எங்களுக்கு இரண்டு வகுப்பு மூத்தவர். அப்போது அவர் சட்டையை நாங்கள்தான் துவைத்துப் போடுவோம். அவர் உடம்பை ஒட்டி வீசும்படி விரலால் சைகை காட்டினேன். குராமோச்சி மாட்டேன் என்று தலையாட்டினான். மறுபடி காட்டினேன். மூன்றாம் முறையும் காட்டினேன். வீசினான். மணிக்கட்டில் பட்டது.

நெமோதோ சுருண்டு உட்கார்ந்தார். குராமோச்சியின் கை இடுப்போடு நின்றுவிட்டது, தொப்பிக்கு ஏறவே இல்லை. எங்கள் அணியின் ரசிகர் கூட்டமே கத்தியது: "அமெரிக்கா போயி தல குனிய மறந்துட்டியாடா!"

எலும்பு முறிந்து, நெமோதோவின் ஆட்ட வாழ்க்கையே முடிந்துபோனது. குராமோச்சியின் அம்மா ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி மீன்கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பயறு இனிப்புப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு நானும் குராமோச்சியும் நெமோதோ வீட்டுக்குப் போனோம். செருப்பு விடும் இடத்திலேயே அவன் நெற்றி தரையில் பட விழுந்தான்.

"எந்திரிடா. பந்து படறதெல்லாம் சகஜம்" என்றார் நெமோதோ, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி. "வெளிய கூட்டிட்டுப் போறவரைக்கும் உன்னையேதான் பாத்துட்டுப் போனேன், இப்ப தொப்பிய எடுப்பான், இப்ப எடுப்பான்னு."

"தப்புண்ணே. கை வரல."

"சரி, அவ்வளவு ஒட்டி எதுக்குடா? யாரு கேட்டா அந்தப் பந்த?"

நான் குனிந்து இனிப்புப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். நான் சொல்வேன் என்று குராமோச்சி காத்திருந்தான். பிறகு தலையைத் தூக்காமலே, "நானாத்தாண்ணே போட்டேன்" என்றான்.

நெமோதோ என் பக்கம் திரும்பினார். "ஊரே இவன் மூஞ்சில துப்புது. நீ ஒருத்தனாவது கூட வந்தியே. நல்ல மனுஷன்டா."

இனிப்பை வெட்டி முதல் துண்டை எனக்குத்தான் நீட்டினார். வாங்கித் தின்றேன்.