குணா அண்ணன் படகு பார்க்கப் போனார்

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு படகு பார்க்கப் போனேன். வாங்குவதற்கு!

சிரிக்காதீர்கள். எனக்கில்லை. பங்கோர் தீவுக்குப் போகிற ஃபெர்ரியில் ஏறினாலே பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருகிற ஆள் நான். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அந்தக் கதை தெரியும். மறுபடியும் சொல்லி உங்கள் காலைப் பசியாறலைக் கெடுக்க மாட்டேன்.

வாங்குவதாக இருந்தவர் எங்கள் வீட்டு வரிசைக்காரர். குணா அண்ணன் என்று வைத்துக்கொள்வோம். புந்தோங்கில் எங்கள் வீட்டிலிருந்து சில வீடுகள் தள்ளி. வேலை செய்த காலமெல்லாம் லாரி ஓட்டியவர். நீச்சல் தெரியாது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்குக் கால்வாயைத் தவிர வேறு தண்ணீர் ஏது? அப்படிப்பட்டவர் திடீரென்று, கேபின் வைத்த சின்னப் படகு ஒன்று வாங்கப் போகிறேன் என்றால்...

மீன் பிடிக்கத்தான் என்று வரிசையே நினைத்தது. "அண்ணே, சியாக்காப் மீனு கெடச்சா நமக்கும் ஒண்ணு குடுங்க லா" என்று எதிர்வீட்டுப் பையன்கள் கிண்டல் செய்தார்கள். அவரும் சிரித்து வைத்தார்.

அவருடைய மனைவி செல்வி அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வந்து என் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை.

"தம்பி, நாளைக்கு அவரு தெலுக் இந்தான் போறாரு. படகு பாக்க. நீங்க கூடப் போங்க."

"எனக்குப் படகப் பத்தி என்னக்கா தெரியும்?"

"படகப் பாக்க வேணாம். அவரப் பாத்துக்குங்க." குரல் இறங்கியது. "வாங்குனதும் தனியாப் போய்ட்டு வாரேன்னு சொல்றாரு. வருவாரான்னு எனக்குப் பயமா இருக்கு தம்பி."

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர்களுக்கு ஒரே மகள், திவ்யா. ஜெலாப்பாங்கில் ஃபேக்டரி வேலை. போன வருஷம் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். லாரி இடித்தது. அவ்வளவுதான். அந்த லாரியை ஓட்டியவன் யாரோ, எவனோ. ஆனால் அன்றிலிருந்து குணா அண்ணன் லாரியில் ஏறவில்லை. அக்காவின் சொந்தக்காரர்கள் எல்லாம் தெலுக் இந்தான் பக்கம் என்பதால் சாம்பலை அங்கே ஆற்றில்தான் கரைத்தார்கள்.

இப்போது புரிகிறதா, அக்கா ஏன் கேட்டை அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று?

மறுநாள் என் காரில் கிளம்பினோம். நான் பேசிக்கொண்டே போனேன். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. பெட்ரோல் விலை, எதிர்வீட்டுச் சேவல், கோயில் கமிட்டிச் சண்டை... அண்ணன் கண்ணாடி வழியாகச் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "ம்."

படகுகள் கட்டுகிற ஜெட்டியில் ஆ சூன் காத்திருந்தார். படகுக்காரர், சீனர், அறுபது வயது இருக்கும். சந்தைத் தமிழ் நன்றாகவே பேசினார். படகு ஃபைபரில் செய்தது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். முன்பக்கம் லாரித் தலை அளவுக்கு ஒரு கேபின், அதற்குள் ஒரு ஆள் காலை மடக்கிப் படுக்கிற மாதிரி ஒரு பலகை. பெட்ரோலும் பழைய மீனும் கலந்த வாடை.

நீங்கள் ஒரு பழைய மோட்டார் வாங்கப் போகிறீர்கள். என்ன செய்வீர்கள்? டயரை உதைத்துப் பார்ப்பீர்கள். எண்ணெய் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்ப்பீர்கள். குறை சொல்வீர்கள் — குறை இல்லாவிட்டாலும் சொல்வீர்கள்! நம் பிறவிக் குணம் அது. குணா அண்ணன் எதையும் செய்யவில்லை. இன்ஜினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் அந்தச் சீன முதலாளியிடம் கேட்டேன்.

"தவுக்கே, உள்ள தண்ணி வருமா?"

"எல்லாப் படகுலயும் கொஞ்சம் வரும் லா. பம்பு இருக்கு."

"நடு ஆத்துல இன்ஜின் நின்னா?"

"நிக்காது. நின்னா எனக்குப் போன் பண்ணு."

லைஃப் ஜாக்கெட் கேட்டேன். பலகைக்கு அடியிலிருந்து ஒன்றை உருவி எடுத்தார். ஒரு மூலையை எலி கடித்திருந்தது. அதைக் குணா அண்ணனுக்குப் போட்டுவிட்டு, இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டேன். முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி நின்று கொடுத்தார்.

அவர் கேட்டது இரண்டே கேள்வி.

"இதுல ராத்திரி தங்கலாமா தவுக்கே?"

"தங்கலாம்."

"தனியாளா ஓட்டலாமா?"

ஆ சூன் பதில் சொல்வதற்குள் நான் அந்த முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

கிளம்பினோம். ஆ சூன் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டிவிட்டு ஸ்டியரிங்கை அண்ணனிடம் கொடுத்தார். லாரி ஓட்டிய கை அல்லவா, படகு சொன்னபடி கேட்டது. நான் கேபின் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்பக்கம் போக வேண்டுமென்றால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். அன்றைக்கு எனக்கு வாந்தியே வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பயத்தில் வயிறு அதையும் மறந்துவிட்டது.

தெலுக் இந்தானில் ஆறு சும்மா ஆறு இல்லை. அகலம் பார்த்தாலே மலைப்பாக இருக்கும். பால் குறைந்த கோப்பி நிறத்தில் தண்ணீர். இரண்டு கரையிலும் நிப்பாப் பனை. நிப்பா, நிப்பா, நிப்பா. கண்ணுக்கு எட்டியவரை ஒரே மாதிரி.

ஒரு வளைவு தாண்டியதும் குணா அண்ணன் வேகத்தைக் குறைத்தார்.

"தவுக்கே, சாம்பல் கரைக்க ஆளுங்களக் கூட்டிட்டு வருவீங்கல்ல... எந்த எடத்துக்குக் கூட்டிட்டு வருவீங்க?"

ஆ சூன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ இதுல வந்திருக்கியா, அண்ணே?"

"இதே படகுதான். எம்மவ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லூமுட்டில் இதைவிட நல்ல படகுகள் விற்பனைக்கு இருக்கும்போது, இந்த எலி கடித்த படகுதான் வேண்டும் என்று இவர் ஏன் நின்றார் என்று.

"நெறைய பேர் வாராங்க லா. மொகம் ஞாபகம் இல்ல. கோவிச்சுக்காத."

"மொகம் வேணாம். எடம் சொல்லுங்க."

"எடம்னு ஒண்ணும் இல்லையே... ஐயரு போதும்னு சொன்னா நிறுத்துவேன். ஒரு நாள் இங்க, ஒரு நாள் கீழ."

அண்ணன் இடது கரையைப் பார்த்தார். வலது கரையைப் பார்த்தார். ஒரு மரத்தைக் காட்டி, "அதா இருக்குமோ?" என்றார். உடனே அவரே, "இல்ல" என்றார். கொஞ்ச தூரம் போய் இன்னொரு மரம். அதுவும் இல்லை. எல்லாமே நிப்பா. எதை வைத்து அடையாளம் சொல்வது?

"அன்னைக்கு நீங்க பாக்கலையாண்ணே?" என்று கேட்டுவிட்டேன். என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதே!

"எங்க பாக்க விட்டாங்க?" என்றார். "கலயத்த விடுற வரைக்கும் என் கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். விட்ட ஒடனே ஐயரு சொன்னாரு, திரும்பிப் பாக்காதீங்கன்னு. மச்சான் தோளப் புடிச்சுத் திருப்பிட்டான். பாத்தா புள்ள போகாதாம். நம்ம பின்னாலயே வந்துருமாம். நானும் சொன்ன பேச்சக் கேட்டு ஜெட்டி வரைக்கும் முன்னாலயே பாத்துக்கிட்டு வந்தேன்..."

ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துப் பின்னால் ஓடும் தண்ணீரைக் காட்டினார்.

"பின்னாலயே வரட்டுமே தம்பி. எம்புள்ளதான? வரட்டுமே!"

நமக்கெல்லாம் தெரிந்த வழக்கம்தான். சுடுகாட்டிலிருந்து திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். கரைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். நானும் அப்படித்தான் வந்திருக்கிறேன், நீங்களும் அப்படித்தான் வந்திருப்பீர்கள். அந்த நேரத்தில் யார் போய் ஏன் என்று கேட்கிறோம்? மூத்தவர்கள் சொன்னால் கழுத்து தானாக நிற்கிறது.

அண்ணன் இன்ஜினை அணைத்தார். படகு தண்ணீரோடு மெல்ல நகர்ந்தது. எழுந்தார். நான் தடுப்பதற்குள் என் காலைத் தாண்டிப் பின்பக்கம் போனார். இன்ஜினுக்குப் பக்கத்தில், விளிம்பில் முழங்கால் இடிக்க நின்று தண்ணீரைப் பார்த்தார். லைஃப் ஜாக்கெட்டின் முடிச்சில் கை போனது.

நான் பாய்ந்துபோய் அவர் சட்டையைப் பிடித்தேன். பட்டன் ஒன்று தெறித்து விழுந்தது.

"விடு தம்பி."

"விட மாட்டேன். எதுக்குண்ணே இந்தப் படகு? நேராச் சொல்லுங்க."

முடிச்சிலிருந்து கையை எடுத்தார். பிறகு, கடைக்குப் போய்ட்டு வாரேன் என்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"அவகிட்டயே போயிரலாம்னு இருந்தேன். எடமே தெரியல. எங்கன்னு போறது?"

வாரா வாரம் உங்களுக்கு ஊரில் உள்ள புத்தியெல்லாம் சொல்கிறவன் நான். அந்த இடத்தில் அந்தப் புத்தி எதுவும் உதவவில்லை. சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பிறகு வந்தது கோபம்தான்.

"அப்ப அக்காவ யாருகிட்ட விட்டுட்டுப் போறீங்க?" என்று கத்தினேன். "நேத்து என் வீட்டு கேட்டப் புடிச்சுக்கிட்டு நின்னாங்கண்ணே. நீங்க வருவீங்களான்னு கேட்டுக்கிட்டு நின்னாங்க!"

அவர் அப்படியே பெட்ரோல் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். நான் சட்டையை விடவில்லை.

ஆ சூன் எங்களைத் தாண்டிப் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார். இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. திரும்பாமலே சொன்னார்.

"படகு உனக்கு விக்க மாட்டேன், அண்ணே. வரணும்னா வா. எப்ப வேணும்னாலும் வா. நான் ஓட்டுறேன், நீ உக்காரு."

வியாபாரம் அதோடு முடிந்தது.

திரும்பி வரும்போது குணா அண்ணன் அந்த டப்பா மேலேயே, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார். தண்ணீரில் படகு கிழித்துப்போட்ட நுரை பின்னால் போய்க்கொண்டே இருந்தது. வளைவு மறைகிற வரைக்கும் பார்த்தார். மறைந்த பிறகும் பார்த்தார். ஜெட்டி வரைக்கும் அவர் கழுத்து இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பிப் பார்க்காதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

புந்தோங் வந்து சேர்ந்தபோது அக்கா வாசலில் நின்றார். அண்ணன் காரை விட்டு இறங்குகிறாரா என்று முதலில் பார்த்தார். இறங்கினார். அக்கா பட்டன் பிய்ந்த சட்டையைப் பார்த்தார். படகைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது வேறு.

"எடம் தெரிஞ்சுதா?"

அக்காவுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது! அண்ணன் இல்லை என்று தலையாட்டினார்.

"நீங்களாவது படகு வரைக்கும் போனீங்க," என்றார் அக்கா. "பொம்பளைங்க வரக் கூடாதுன்னு என்னைய ஜெட்டியிலயே நிறுத்திட்டாங்க. பெத்தவ நானு."

ரொம்ப நாளைக்குப் பிறகு அண்ணன் அக்காவின் முகத்தை நேராகப் பார்த்ததை நான் பார்த்தேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழம போலாம்," என்றார். "நீயும் வா."

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை நானும் அக்காவும் அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். இனி அடிக்கடி போக வேண்டும். வீட்டில் அவரைத் தனியாக விடுவதில்லை. எதிர்வீட்டுப் பையன்கள்கூட இப்போது மீன் கேட்பதில்லை, சாயங்காலமானால் கேரம் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வாசலில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார்.

"என் பேர மாத்திக்க தம்பி. புள்ள பேர மாத்தாத."

வரும் ஞாயிறு தெலுக் இந்தான் போகிறோம். நான் பிளாஸ்டிக் பையோடு வருகிறேன். மூன்று பேரும் பின்பக்கம் பார்த்துத்தான் உட்காரப்போகிறோம். திரும்பிப் பார்க்காதே என்று சொல்கிறவர்கள் யாராவது இருந்தால் தாராளமாக வரலாம் — ஜெட்டி வரைக்கும்.