சோதனைக்கு வராத அம்மா

என் மகள் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். போன வாரம் நான் கந்தோர் வேலை முடிந்து வந்து, கைப்பையைக்கூடத் தோளிலிருந்து கழற்றவில்லை. அவள் ஒரு போட்டோகொப்பித் தாளை என் கையில் திணித்து, "பாடமாக்கிட்டேன், கேளுங்கம்மா" என்று எதிரே நின்று ஒப்பிக்கத் தொடங்கினாள். மை மதர் இஸ் எ ஹவுஸ்வைஃப். ஷி இஸ் ஃபெயார். ஷி இஸ் கைன்ட். ஷி கிவ்ஸ் மீ மில்க் எவ்ரி மோர்னிங்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்குக் காலை பஸ்ஸில் ஒரு காலில் நின்றபடி போய், மாலை பஸ்ஸில் மறுகாலில் நின்றபடி திரும்புகிறவள் நான். என் மகளுக்குக் கண் இருக்கிறது, நான் கறுப்பு என்று தெரியும். வீட்டில் ஒருவரும் பால் குடிப்பதில்லை. ஆனாலும் அவள் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்துவிட்டுப் பாராட்டுக்காக என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்திருப்பேன். அவள் அழுவாள் என்பதால் மடித்து வைத்தேன்.

இந்த வரிகளை எனக்குத் தெரியும். அவளுடைய வயதுக்குச் சற்று மேலே இருந்தபோது நானும் இவற்றைத்தான் ஒப்பித்தேன்.

கடுகண்ணாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்தேன். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தை அரசாங்கம் பொறுப்பெடுத்த பிறகு, இங்கிலீசு படிப்பிக்கக் கண்டியிலிருந்து ஒரு சேர் வாரத்தில் சில நாட்கள் வந்து போனார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அட்டை கடித்த காலோடு மலையேறி வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கரும்பலகையில் முத்துமுத்தாக எழுதுவார். முதலில் பெயர்ச்சொற்கள், பிறகு நிறமும் குணமும் சொல்லும் சொற்கள், பிறகு நான், நீ, அவள், என்னுடைய. இவற்றையெல்லாம் கோர்த்து மை செல்ஃப், மை ஹவுஸ், மை மதர் என்று மூன்று கட்டுரைகள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே மூன்றுதான். தேவாரம் பாடமாக்குவது போல நாங்கள் அதைப் பாடமாக்கினோம். தேவாரத்தைச் சொல்லும்போது இது உண்மையா என்று யார் யோசிக்கிறார்கள்?

மை ஹவுஸ் இஸ் பிக் என்று கத்துவோம். எங்கள் வீடு என்பது லயத்து வரிசையில் ஒற்றை அறைக் காம்பரா. பெரிதும் இல்லை, என்னுடையதும் இல்லை. தோட்டத்தில் வேலை இருக்கும்வரை குடியிருக்கலாம், வேலை நின்றால் சட்டி பானையை வெளியே எடுக்க வேண்டும். புத்தகத்தில் போட்டிருந்த வீட்டுக்குப் புகைபோக்கி இருந்தது. எங்கள் தோட்டத்தில் புகைபோக்கி வைத்த வீடு துரை பங்களா ஒன்றுதான். அப்படியிருக்க, 'மை' என்ற சொல்லைச் சொல்லிச் சொல்லியே எங்கள் தொண்டை கட்டியது.

அம்மா கொழுந்து எடுத்தாள். விடியுமுன் எழுந்து, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனால், மாலை கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பிறகுதான் வருவாள். தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்த அப்பாதான் பகலில் சமைத்தார். அவருடைய ரொட்டி நன்றாக இருக்கும், சோறு குழைந்துவிடும். அம்மா கறுப்பு. மழையும் வெயிலும் சேர்ந்து ஆக்கிய கறுப்பு இல்லை, பிறவியிலேயே நல்ல கறுப்பு. விரல்களில் கொழுந்துக் கறை ஏறி, எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. கைன்ட் என்று சொல்லலாம்தான், ஆனால் வாய் நீளம். கங்காணியே அவளிடம் பார்த்துத்தான் பேசுவார்.

ஐந்தாம் வகுப்பு முடிகிற நேரத்தில், கண்டியில் ஒரு பெரிய பெண்கள் பாடசாலை தோட்டப் பிள்ளைகள் சிலருக்கு விடுதியோடு இடம் கொடுக்கிறது என்று சேர் சொன்னார். நேர்முகப் பரீட்சைக்குப் பிள்ளையும் தாயும் வர வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து என்னை அனுப்பினார். அந்த இடம் எனக்குக் கிடைத்தால் படித்து வெளியே வருவேன். கிடைக்காவிட்டால் இன்னும் சில வருடங்களில் அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் நானும் கூடை மாட்ட வேண்டும். அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

அம்மா கல்யாணச் சேலையை உடுத்தி, தலைக்கு எண்ணெய் வைத்து, என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். குட்செட் பஸ் நிலையத்தில் இறங்கி வழி கேட்டுக் கேட்டுப் போனோம். பாடசாலை மண்டபத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரிகள் நிறையப் புத்தகம். அதைப் பார்த்த நிமிடமே இந்த இடம் எனக்கு வேண்டும் என்று ஆசை வந்தது. அறைக்குள் நீள மேசைக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியை, டை கட்டிய ஒரு ஆண், இளம் ஆசிரியை ஒருத்தி. மூவர் முன்னாலும் தேநீர்க் கோப்பைகள். "இருங்கோ அம்மா" என்று தலைமையாசிரியை யாழ்ப்பாணப் பேச்சில் மரியாதையாகத்தான் சொன்னார். அம்மா கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள்.

டை கட்டியவர் இங்கிலீசில் ஏதோ கேட்டார். அதில் எனக்குப் பிடிபட்டது 'மதர்' என்ற ஒரு சொல். அது போதும். கையைக் கட்டிக்கொண்டு மடைதிறந்த மாதிரித் தொடங்கினேன். மை மதர் இஸ் எ ஹவுஸ்வைஃப். ஷி இஸ் ஃபெயார்.

அவர் என்னை நிறுத்தி, அம்மாவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்து, "ஃபெயார்?" என்று கேட்டார். பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்து, இன்னும் சத்தமாக ஷி இஸ் வெரி ஃபெயார் என்றேன். அவர் சிரித்தார். இளம் ஆசிரியை கைக்குட்டையால் வாயைப் பொத்தினாள். தலைமையாசிரியையும் தலை குனிந்து சிரித்தார். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து, மகள் கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டாள் என்று நினைத்து, அம்மாவும் சிரித்தாள். வெற்றிலைக் கறை தெரியாமல் உதட்டை இழுத்து மூடிக்கொண்டு, மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் இன்றுவரை சகிக்க முடியவில்லை.

நன்றாகப் பாடமாக்கியிருக்கிறாள், அடுத்த கிழமை இரண்டாம் முறை வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பஸ்ஸில் யன்னலோர இடம் கிடைத்தது. அம்மா சந்தோஷமாகக் கேட்டாள். "அப்புடி என்ன சொன்ன புள்ள? எல்லாரும் சிரிச்சாங்களே."

சேர் வரிக்கு வரி தமிழில் கருத்துச் சொல்லித் தந்திருந்தார். நான் அதைச் சொன்னேன். என் அம்மா வீட்டில் இருக்கிறார். அவர் சிவப்பு. தினமும் காலையில் எனக்குப் பால் தருகிறார். சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் மாறியது. ஏற்றத்தில் பஸ் முக்கி முனகிக்கொண்டு போனது. கடுகண்ணாவையில் இறங்கியதும் அவள் எனக்கு முன்னே விறுவிறுவென்று நடந்தாள்.

சேர் வருகிற நாளில் அம்மா மலைக்குப் போகவில்லை. ஒரு நாள் பேரும் சம்பளமும் போனால் போகட்டும் என்று நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்து வாசலில் நின்றாள்.

"சேர், நான் வீட்டுல இருக்கேன்னு நீங்களா எழுதிக் குடுத்தீங்க?"

"அது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவா எழுதுறதும்மா."

"இந்தப் பள்ளிக்கொடத்துல யாரோட அம்மா வீட்டுல இருக்கா? ஒருத்தியக் காட்டுங்க."

சேர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். காட்டுவதற்கு ஒருத்தியும் இல்லை.

"கொழுந்து எடுக்கிறவளுக்கு இங்கிலீசுல வார்த்தையே இல்லையா, சேர்?"

"இருக்கும்மா. ஆனா சோதனைக்கு வராது."

"வராட்டி நாங்க கொண்டுபோறோம். நீங்க சொல்லிக் குடுங்க."

அவர் சுண்ணாம்புக் கட்டியைக் கையில் எடுத்தார். "அந்தப் பாடசாலையில எதிர்பார்க்கிறது அந்த வரியத்தான். மாத்திச் சொன்னா எடம் கெடைக்காது, பார்த்துக்குங்க" என்றார். பிறகு எழுதினார். டீ ப்ளக்கர். டார்க். எத்தனையோ மாதம் இந்தத் தோட்டத்தில் படிப்பித்தும் அந்தப் பலகையில் அந்தச் சொற்கள் ஏறியது அன்றைக்குத்தான். தேயிலைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு ஆப்பிளும் பனிமனிதனும் படிப்பித்தார்கள்.

அன்று மாலை வீட்டில் சண்டை.

"வெறும் வார்த்தைதானே? சொல்லிட்டுப் போகட்டும். புள்ளைக்கு எடம் கெடைச்சாப் போதும்" என்றார் அப்பா.

"நான் இல்லாத ஒருத்தியக் காட்டி வாங்குற எடமா?" என்றாள் அம்மா.

"உன் கோவத்துக்கு அவ கூடை தூக்கணுமா?"

எனக்கும் அந்த நேரம் அம்மா மேல்தான் கோபம். கண்ணாடி அலுமாரி கண்ணுக்குள்ளேயே நின்றது. கடைசியில் அவள் என் பக்கம் திரும்பி, "நீ எதச் சொல்றியோ சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்" என்றாள். அதைவிட இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

மறுகிழமை அதே அறை, அதே மேசை, அதே கோப்பைகள். பழைய வரிகளைச் சொல்வது என்றுதான் முடிவு செய்துகொண்டு போயிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இடம்தான் எனக்கு வேண்டும். நாங்கள் உட்காருவதற்குள் டை கட்டியவர் பக்கத்தில் இருந்த இளம் ஆசிரியையிடம், "ஆ, தி ஃபெயார் மதர்" என்றார். பழைய சிரிப்பு மறுபடி தொடங்கியது. இந்த முறை அம்மா சிரிக்கவில்லை. கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கறையேறிய இரண்டு கைகளையும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மடியில் வைத்தாள்.

எழுந்து நின்றேன். மை மதர் இஸ் எ டீ ப்ளக்கர் என்று வந்தது. ஷி இஸ் டார்க். அதோடு சேர் எழுதித் தந்தது முடிந்தது. நிறுத்தியிருக்கலாம். வகுப்புச் சுவரில் முகங்கள் வரைந்த படம் ஒன்று தொங்கும். சிரிக்கிற முகத்துக்கு ஹெப்பி, அழுகிற முகத்துக்கு சேட், புருவம் நெரித்த முகத்துக்கு ஆங்கிரி. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஷி இஸ் ஆங்கிரி என்றேன். யாரும் பாடமாக்கித் தராமல் நானாகச் சொன்ன முதல் இங்கிலீசு வசனம் அதுதான்.

சிரிப்பு நின்றது. தலைமையாசிரியை தமிழில் கேட்டார். "ஏன் பிள்ளை, அம்மாவுக்கு என்ன கோபம்?"

அம்மாதான் சொன்னாள். "போன வாரம் என்னையப் பார்த்துச் சிரிச்சீங்க. எனக்கு வெளங்கல, நானும் சேர்ந்து சிரிச்சேன். அந்தக் கோவந்தாங்க. நீங்க குடிக்கிற தேத்தண்ணி நாங்க எடுத்த கொழுந்துதான்."

டை கட்டியவர் கோப்பையைத் தொட்டார், எடுக்கவில்லை. தலைமையாசிரியை, நீங்கள் போகலாம் என்றார்.

இடம் கிடைக்கவில்லை. சேர் வந்து சொன்னபோது அப்பா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பாயில் குப்புறப் படுத்து அழுதேன். அம்மா என் முதுகைத் தடவிவிட்டாள். அடுத்த வருடம் முழுக்கச் சேரும் அவளுமாக அலைந்து கட்டுகஸ்தோட்டையில் ஒரு சாதாரணப் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தார்கள். தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்தேன். அங்கே அம்மாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கண்ணாடி அலுமாரியும் இல்லை. இன்றைக்கும் கண்டியில் அந்தப் பாடசாலைச் சுவரோரம் நடக்க நேர்ந்தால் நான் வீதியின் மறுபக்கம் போய்விடுவேன். அப்பா சொன்னதுதான் சரியோ என்று சில நாட்களில் தோன்றும். அப்படித் தோன்ற வைத்தவர்கள் மேல் இரட்டிப்பாகக் கோபம் வரும்.

அந்த இரண்டாம் முறை போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது அம்மா கேட்டாள். "கடைசியா ஒண்ணு சொன்னியே, அது என்ன வார்த்தை?"

"ஆங்கிரி."

"ஆங்கிரி" என்று அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துச் சொல்லிப் பார்த்தாள். சாகும்வரை அவளுக்குத் தெரிந்த இங்கிலீசு அவ்வளவுதான். கொழுந்தில் ஈரம் என்று நிறையைக் குறைக்கிற கணக்கப்பிள்ளையிடம் சொல்வாள், லயத்துக் கூரை ஒழுகுவதைப் பார்க்க வந்த துரையிடம் சொல்வாள். ஆளைப் பார்த்துச் சரியாகத்தான் சொன்னாள்.

நேற்று மகளின் ஆசிரியையைத் தொலைபேசியில் பிடித்தேன். அம்மா வேலைக்குப் போகிறவர் என்று பிள்ளை எழுதினால் என்ன என்று கேட்டேன். தங்கமான குரல். "நீங்க சொல்றது சரிம்மா, ஆனா சோதனைக்கு இதுதான் வரும்" என்றார். வேலைக்குப் போகிற பெண் அவர். அவருடைய பிள்ளையும் இதே தாளைத்தான் ஒப்பிக்கும்.

மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போக நாளைக்குக் கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டேன்.