பழைய எண் பதினான்கு

கடல் காற்றின் உப்பும், எண்ணெயில் பொரியும் கல்கல் பலகாரத்தின் தேங்காய்ப்பால் வாசனையும் ஒன்றாகக் கலந்து வரும்… டிசம்பர் வந்தால் சாந்தோமில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை அப்படித்தான் மணக்கும். மேசையின் ஒரு பாதியில் அம்மா மாவு உருட்டுவார். மறு பாதியில் என் லேப்டாப். கீபோர்டெல்லாம் மைதா.

அப்போது காலேஜ் இரண்டாம் வருடம். தி. நகரில் ஒரு மாடி வகுப்பில் பைத்தான் புரோகிராமிங் கற்கச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. புதிதாகக் கற்கிறவர்களுக்கு வரும் வியாதி எல்லாம் எனக்கும் வந்தது. ஒரு வரியில் டேப், அடுத்த வரியில் ஸ்பேஸ் அடித்துவிட்டு, பார்வைக்கு எல்லாம் நேராகத்தானே இருக்கிறது, ஏன் ஓடவில்லை என்று அரை நாள் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தலைக்கனம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

அந்த வருடம் எங்கள் பங்குக் கோயில் இளைஞர் குழுவின் கேரல் ரவுண்டுக்கு லிஸ்ட் போடும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் பாடுவோம். பாடுவோம் என்றால், மற்றவர்கள் பாடுவார்கள். சுருதிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

கதவு எண்ணையும் குடும்பப் பெயரையும் கொடுத்தால் தெருவாரியாக வரிசைப்படுத்தும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். முதல் பிரிண்டைப் பார்த்ததும் கிடார் வாசிக்கும் ஜெரோம் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இன்னா மச்சி, ஒண்ணுக்கு அப்பால பத்து வருது, பதினொண்ணு வருது, அப்பால ரெண்டு வருது? உன் கம்ப்யூட்டரு எந்த ஸ்கூல்ல படிச்சுது?"

எண்களை வெறும் எழுத்துகளாக நினைத்து அது வரிசைப்படுத்தியிருந்தது. ஒரு சொல் சேர்த்து எண்ணாக மாற்றினேன். ஓடியது. ஒரு எரர் கூட இல்லை! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நல்லாருக்கு. கையக் கழுவிட்டு வந்து உருட்டு" என்றார்.

அந்த லிஸ்டில் ஒரு வீடு ரொம்ப முக்கியம். ரெஜினா டீச்சர் வீடு. அவருடைய கணவர் சூசை அங்கிள் அந்த ஜூனில்தான் தவறியிருந்தார். எங்கள் பக்கம் துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் ஸ்டார் கட்ட மாட்டார்கள். ஸ்டார் இல்லாத வாசலில் கேரல் குழுவும் நிற்காது. அதனால் டீச்சரே எனக்குப் போன் செய்திருந்தார்.

"ஸ்டார் கட்டலப்பா. ஆனா தாண்டிப் போய்டாதீங்க. அவருக்கு கேரல்ஸ்னா உசுரு. வீட்டு நம்பர் பதினாலு, எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.

அந்த மாலையை இன்றைக்கு நினைத்தாலும் கனவு மாதிரிதான் இருக்கிறது… ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. தெருவின் இரண்டு பக்கமும் பேப்பர் ஸ்டார்கள், சிவப்பும் மஞ்சளுமாக, காற்றில் மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருந்தன. எங்கள் முகங்களும் சிவப்பாகி, மஞ்சளாகி, மறுபடி சிவப்பாகின. ஏதோ ஒரு வீட்டில் ரோஸ் குக்கி, ஏதோ ஒரு வீட்டில் காபி. நான் லிஸ்டைக் கையில் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளைத் தோரணையில் முன்னால் நடந்தேன். அந்தத் தெரு முடியவே கூடாது என்று இருந்தது.

எட்டு மணிக்கு எல்லோரும் கலைந்தோம். வீட்டுக்குள் நுழையும்போது போன் அடித்தது. ரெஜினா டீச்சர்.

"முடிச்சிட்டீங்களாப்பா? பக்கத்து வீட்ல பாடினது நல்லா கேட்டுச்சு. அப்புறம் சத்தம் தள்ளிப் போயிடுச்சு… பரவால்ல, களைச்சிருப்பீங்க."

லிஸ்டைப் பிரித்தேன். பதினான்கு இருந்தது. ஆனால் எதிரே இருந்த பெயர் அதே தெருவில் இருக்கும் லூர்து அங்கிளுடையது.

சென்னையில் ஒரு வீட்டுக்கு இரண்டு எண். கார்ப்பரேஷன் புது எண் கொடுத்து எத்தனையோ வருடம் ஆகியும், பாதிப் பேர் வாயில் பழைய எண்தான் வரும். டீச்சர் சொன்னது பழைய பதினான்கு. லூர்து அங்கிள் சொன்னது புதிய பதினான்கு. என் ஸ்கிரிப்டில் ஒரு எண்ணுக்கு ஒரு பெயர்தான் நிற்கும். இரண்டாவது பெயர் வந்ததும் முதல் பெயர் அழிந்துவிட்டது. எரரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

இத்தனைக்கும் அந்த வீடு எனக்கு நன்றாகத் தெரியும். பேப்பரைப் பார்த்து நடந்தேனே தவிர, வீட்டைப் பார்க்கவில்லை. அதுதான் வெட்கமாக இருந்தது.

ஜெரோமுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. நான் மட்டும் ஓடினேன். டீச்சர் வீட்டு மேசையில் இருபது டம்ளர் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது.

"மன்னிச்சிடுங்க டீச்சர், தப்பு என்னோடது."

"தனியாவா வந்தே?" என்று என் பின்னால் ஒரு முறை எட்டிப் பார்த்தார். "சரி… நீ பாடு."

பாடினேன். சுருதி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இரண்டாவது சரணம் மறந்துபோய், வெறும் முனகலிலேயே முடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அவரும் இப்டித்தான்பா பாடுவாரு. ஒரு நாள் கூட சுருதில நின்னதில்ல. இன்னொண்ணு பாடேன்…"

இப்போது எனக்கு வேளச்சேரியில் ஆபீஸ். தப்பாக ஒரு வரி அடித்தால் உடனே சிவப்புக் கோடு விழுகிறது. கேட்டால் கம்ப்யூட்டரே முழு ஸ்கிரிப்டையும் எழுதிக் கொடுத்துவிடுகிறது. வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு ஸ்பேஸைத் தேடி அரை நாள் உட்கார்ந்த அந்த மதியங்களுக்கு மனசு ஏங்கத்தான் செய்கிறது.

கேரல் குழு இப்போது ஃப்ளாட் வாசலில் செக்யூரிட்டியிடம் பெயர் எழுதிவிட்டு உள்ளே போகிறது. லிஸ்ட் மட்டும் இன்னும் என் ஸ்கிரிப்ட்தான். பழைய எண், புதிய எண் இரண்டையும் கேட்டு வாங்கும். எந்தப் பெயரையும் அழிக்காது.

ரெஜினா டீச்சர் இந்த ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தார். பங்கு அலுவலகம் கொடுத்த புதிய பட்டியலைப் போட்டுப் போன வாரம் ஓட்டினேன். பழைய எண் பதினான்கு வரவில்லை. ஸ்கிரிப்டில் தவறு எதுவும் இல்லை.

தெரிந்தேதான் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன்.