நற்கருணை வரிசையில் இன்னாசிமுத்து

முழங்கையிலும் முட்டியிலும் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்பியபோது, நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் இன்னாசிமுத்து கரித்தூளைத்தான் திட்டினார். தோல் டாக்டரோ கோதுமை என்றார்.

"அது ஒத்துக்காம வர்ற வியாதிங்க. நம்ம பக்கம் லட்சத்துல ஒருத்தருக்கு இருந்தாலே அதிகம். துணுக்குகூட வாயில படக்கூடாது."

துணைக்குக்கூட ஆளில்லாத வியாதி. சப்பாத்தி, பரோட்டா எல்லாவற்றையும் இன்னாசிமுத்து விட்டார். அரிப்பு அடங்கியது. ஞாயிறு பூசைக்குப் போய்வந்தால் மட்டும் மறுபடி கிளம்பியது. பூசையில் நாக்கில் வைக்கும் நற்கருணை அப்பம் எதில் செய்வது என்று, கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளையிடம் மெல்லக் கேட்டார். கோதுமை மாவுதான் என்றார் அவர். இதை மனைவி மரியபுஷ்பத்திடம்கூட இன்னாசிமுத்து சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு வரிசையில் அவர் கால் நகரவில்லை.

"போங்க, என்னா நின்னுகினு இருக்கீங்க?" என்று மரியபுஷ்பம் பின்னாலிருந்து கிசுகிசுத்தாள்.

பாவத்தில் இருப்பவர்தான் நற்கருணை வாங்கமாட்டார்; விலகினால், என்ன பாவம் செய்தான் என்று கோயிலே கேட்கும். ஆண்டவரையே ஏற்காத உடம்பா இது என்று நினைத்தபடியே ஓர் அடி முன்னே வைத்தார்.

"கிறிஸ்துவின் திருவுடல்" என்றார் சாமியார்.

"ஆமென்" என்று நாக்கை நீட்டினார். அப்பம் கரைவதற்குள் முழங்கை அரிக்கத் தொடங்கியது.