மாதேஸ்வரி கேட்ட கேள்வி

மிளகாய் வற்றலும் வேப்பிலையும் சேர்ந்து கருகும் நெடி தெருமுனையிலேயே எங்கள் கண்ணைக் கரித்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பென்னாகரத்தில் பெண்கள் சங்கம் நடத்திவந்த அம்மா, பள்ளி விடுமுறை நாட்களில் என்னையும் மொபெட்டின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். அன்று நாங்கள் போனது காட்டையொட்டிய ஒரு சிற்றூருக்கு, மாதையன் என்பவரின் வீட்டுக்கு. அவருடைய மூத்த மகள் மாதேஸ்வரி புகுந்த வீட்டுக் கிணற்றில் தவறி விழுந்து இறந்ததாகச் சொல்லிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த இளையவள் ராதாவை அதே மருமகனுக்குக் கட்டிவைக்க நாள் குறித்துவிட்டார்கள் என்று தெரிந்து, அதைத் தடுக்கத்தான் அம்மா கிளம்பியிருந்தார்.

உச்சி வெயில். வாசலில் கூட்டம் நின்றது. "அக்காக்காரி வந்து புடிச்சிருக்காளாம்" என்று யாரோ அம்மாவின் காதில் சொன்னார்கள். "காத்து கருப்பு" என்பார்கள் எங்கள் பக்கம். உள்ளே, அவிழ்ந்த தலைமுடி முகத்தை மூட, ராதா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பூசாரி வேப்பிலைக் கொத்தை ஓங்க, அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அடிக்காதீங்க. நான் கேக்கறேன்."

பேயும் பிசாசும் பொய் என்று மேடையில் பேசுகிறவர் அம்மா. அவரே தரையில் உட்கார்ந்து, இறந்தவளைப் பெயர் சொல்லி அழைத்தபோது நான் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாதேஸ்வரி, உனக்கு என்ன வேணும், சொல்லு கண்ணு."

ராதா திரும்பினாள். பதினான்கு வயதுப் பெண்ணின் குரலாக அது இல்லை. நிதானமாக, மிகவும் களைத்துப்போய் வந்தது.

"சங்கத்துக்கு வந்தனே, நெனப்பிருக்குதுங்களா? பொறுத்துப் போ, எல்லாம் சரியாயிரும்னு சொல்லி அனுப்புனீங்க. பொறுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இப்ப இவளயும் அனுப்பப் போறீங்களா?"

அம்மா ராதாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மாதேஸ்வரி வந்த அன்று சங்கத்தில் அவளையும் தன்னையும் தவிர வேறு யாருமே இல்லை என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். அப்போது, "மாட்டேன் கண்ணு. அனுப்பவே மாட்டேன்" என்றார். மாதையன் சுவரோரம் சரிந்து, "எம் பெரிய புள்ளதான் பேசறா" என்று வாய்விட்டு அழுதார்.

கல்யாணம் நின்றது. ராதாவை அம்மா சங்கத்துக்கே கூட்டிவந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஆள் திரட்டிக்கொண்டு சங்கத்துக்கு வந்து கத்தியபோது, ராதாவை உள்ளே பத்திரமாக வைத்துவிட்டு அம்மா தனியாக வாசற்படியில் நின்றார். அவர்கள் கலைந்து போகும்வரை நகரவில்லை. மாதேஸ்வரியின் சாவைப் பற்றி அவர் போலீசில் கொடுத்த புகார்தான் கடைசிவரை எங்கும் போய்ச் சேரவில்லை. அதன்பின் எந்தப் பெண்ணிடமும் "பொறுத்துப் போ" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அடிபட்டு வருகிறவர்கள் தங்குவதற்கென்று சங்கத்தின் பின்னால் அறைகள் கட்டினார். சாகும்வரை அதுவே அவர் வேலையாக இருந்தது.

இப்போது அந்தச் சிற்றூரில் மாதையனின் வீடு இல்லை. புகுந்த ஊரில் மாதேஸ்வரி விழுந்த கிணற்றையும் தூர்த்து, அதன்மேல் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். சங்கத்தை நடத்துவது ராதாக்காதான். போனமுறை ஊருக்குப் போயிருந்தபோது, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன்.

"அன்னிக்குப் பேசுனது நீங்கதானாக்கா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. முழிச்சுப் பாத்தா உங்கம்மா மடியில கெடக்கறேன். நடுவுல நடந்தது ஒண்ணுமே தெரியாது கண்ணு. எங்கக்கா சங்கத்துக்கு வந்திருந்தாள்ங்கறதே உங்கம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்."