பால் பீப்பாயில் ஊறிய ஷார்டனே

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருடம் தள்ளிப்போட்டேன். தைப்பூசத்துக்குப் பால்குடம் இறக்கும்போதெல்லாம் இந்த வருடம் எழுதிவிடுவேன் என்று முருகனிடம் சொல்வேன். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டதும் தைரியம் போய்விடும். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் கோலா பிலா பக்கம் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் ரப்பர் நிலம் அண்ணன், அக்கா, நான் மூவர் பெயரிலும் இருக்கிறது. அண்ணன் தொழிற்சாலை சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்று அம்பாங்கானில் வீடு கட்டிக்கொண்டார். நான் முப்பது வருடம் எஸ்டேட் பால் ஸ்டோரில், வந்து இறங்கும் ரப்பர் பாலை அளந்து பீப்பாயில் ஊற்றியவன். கல்யாணம் ஆகாத அக்கா மட்டும் நிலத்திலேயே இருக்கிறார். விடியுமுன் மரங்களைச் சீவிப் பால் எடுப்பார். அவருக்கு அதுதான் சோறு.

அண்ணன் ஆஸ்திரேலியாவுக்கு டூர் போனார். அங்கே நான்கு தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்தும் திராட்சைத் தோட்டத்தில் ஷார்டனே என்ற வெள்ளை ஒயினை ஒரு வாய் குடித்தார். அந்த ஒரு வாயோடு எங்கள் நிம்மதி போயிற்று. திரும்பி வந்து, கேமரன் மலை நாற்றுக்காரர் ஒருவரிடம் கொடி வாங்கி, அரை ஏக்கரில் மரங்களைச் சாய்த்து நட்டார். கொடி முழங்கால் உயரம் வருமுன் வாசலில் பலகை வந்துவிட்டது: ‘பழைமையான குடும்பத் திராட்சைத் தோட்டம்.’

“இந்த அரை ஏக்கரு நல்லா வந்துச்சின்னா மிச்ச மரத்தையும் சாச்சிரலாம்” என்றார்.

அக்கா பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மிச்ச மரங்கள் பக்கம் போனார்.

குளிர் இல்லாமல் ஷார்டனே காய்க்காது என்று அண்ணன் எங்கோ படித்திருந்தார். அதனால் பசார் மீன்கடையில் மிஞ்சிய ஐஸை வாங்கி வந்து வேரில் கொட்டினார். கொடிக்குக் குளிர்ந்ததோ இல்லையோ, ஊர்ப் பூனையெல்லாம் வந்து சேர்ந்தது. பிறகு இலைகளை உருவிப்போட்டார்.

“என்னாண்ணே, மொட்டை அடிக்கிறீங்க? வேண்டுதலா?” என்றார் அக்கா.

“குளுரு காலம் வந்துருச்சின்னு கொடிய ஏமாத்தணும் பாப்பா.”

“கொடிய ஏமாத்திருவீங்க. வெயில யாரு ஏமாத்துறது?”

ஆனாலும் நான்காம் வருடம் காய்த்தது. சின்னச் சின்னக் கொத்துதான், ஆனால் காய்த்தது. பிழிந்த சாற்றில் ஒரு கிண்ணம் முருகனுக்குப் படைத்துவிட்டு நானும் ருசி பார்த்தேன். தேன் மாதிரி இருந்தது, நல்ல வாசம். அந்த ருசியை இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வேன்.

அதை ஊறவைக்கப் பீப்பாய் வேண்டுமே! எஸ்டேட் மூடியபோது நான் வாங்கி வைத்திருந்த நீலப் பீப்பாயைக் கொடுத்தேன். வருடக்கணக்கில் ரப்பர் பாலும், அது கட்டிப்போகாமலிருக்க ஊற்றும் அமோனியாவும் குடித்த பீப்பாய் அது. புளியும் சாம்பலும் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். சுத்தம் என்று நினைத்தேன்.

“சம்சுச் சாராயம் காய்ச்சினா புடிச்சிட்டுப் போறாங்க. இதக் காலு வெச்ச கிளாஸ்ல ஊத்திட்டா மட்டும் விட்டுருவாங்களா?” என்று அக்கா கேட்டார்.

“இது நாகரிகம்” என்றார் அண்ணன்.

நாகரிகத்தைச் சுவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரிலிருந்து அண்ணனின் நண்பர் ஒருவர் வந்தார், ஒயின் தெரிந்தவராம். அண்ணன் பீப்பாய் மூடியைத் திறந்தார். குப்பென்று வந்தது, கட்டிப்போன ரப்பரின் ஒட்டுப்பால் நாற்றம். முப்பது வருடம் முகர்ந்த மூக்கு எனக்கு. பீப்பாய்தான் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. நண்பர் கிளாஸைச் சுழற்றினார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஒரு வாய் வைத்தார், மரியாதையாக எழுந்து வாழை மரத்துக்குப் பின்னால் போய்த் துப்பினார்.

அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. என்னைப் பார்த்தார்.

“தம்பி, நீ சாமி கும்பிடறவன், பொய் சொல்ல மாட்ட. பீப்பாயா, பழமா?”

அக்கா வடைத் தட்டோடு வாசலில் நின்றிருந்தார். பீப்பாய் என்று சொன்னால் அண்ணன் மறுநாளே புதுப் பீப்பாய் வாங்குவார். அடுத்த வருடம் நல்ல ஒயின் வரும். அக்காவின் மரங்கள் போய்விடும்.

“மண்ணுதாண்ணே” என்றேன், நெற்றி நிறைய விபூதியோடு. “இத்தினி வருசமா பால் மரம் நின்ன மண்ணு. பழத்துலயே வாடை ஏறிருச்சி.”

அண்ணன் நம்பிவிட்டார். ஒரே மாதத்தில் கொடிகளைப் பிடுங்கினார், பலகையைக் கழற்றினார். அக்கா இன்றும் மரம் சீவுகிறார். என்னிடம் ஒரே ஒரு தடவை, “பீப்பாய எனக்கே குடுத்துரு தம்பி, அதுக்கு ஏத்தது பால்தான்” என்றார்.

அக்காவுக்காகத்தான் சொன்னேன் என்று ஆறு வருடம் என்னையே தேற்றிக்கொண்டேன். அது பாதிதான். பீப்பாய் கொடுத்தவன் நான் என்பதும் நாக்கைப் பிடித்து இழுத்தது. எந்தப் பாதி பெரியது என்று முருகனுக்குத்தான் தெரியும்.

போன மாதம் சிரம்பானில் ஒரு கல்யாணச் சாப்பாட்டில், ரப்பர் நிலத்தில் பழமரம் வைக்கவிருந்த ஒருவரிடம் அண்ணன், “வெக்காதீங்கலா! வாடை ஏறும். என் தம்பி கண்டுபுடிச்சது, கோயில் மனுசன்” என்றார். அவர் கையைக்கூடக் கழுவாமல் போனை எடுத்து நாற்று வேண்டாமென்று சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த நான் ரசத்தோடு இலையை மடித்துவிட்டு எழுந்தேன். அதனால்தான் இதை எழுதினேன்.

மண்ணில் ஒரு குற்றமும் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் நான்கு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் சினிமாவில் வருகிற மாதிரி தங்கச்சிக்காகத் தியாகம் அது இதுவென்று என்னைப் பூசி மெழுகாதீர்கள். அவர் எனக்கு அக்கா, நான் செய்தது பொய். உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள். அண்ணனிடம் சொல்ல நேர்ந்தாலும் அப்படியே சொல்லுங்கள்.