மாமியார் பெயர் முத்துக்கனி

எங்கள் பக்கத்தில் தலைப்பிள்ளை பெண்ணாகப் பிறந்தால் அப்பாவைப் பெற்றவளின் பெயரைத்தான் வைக்க வேண்டும். எழுதாத சட்டம். என் மாமியார் பெயர் முத்துக்கனி. நானோ வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கியதிலிருந்தே ‘மிருதுளா’ என்று முடிவு செய்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். தினமும் பெயர் கூப்பிடுகிறவளுக்கு எந்தப் பெயர் இப்போது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று தெரியாதா? என் வகுப்பில் ஷாவிலும் ஷினியிலும் முடிகிற பெயர்கள் கொட்டிக் கிடக்கின்றன. முத்துக்கனி ஒன்றுகூட இல்லை.

அத்தையின் காலத்தில் கதையே வேறு. கல்யாண வீட்டுப் பந்தியில் நின்று ‘முத்துக்கனி’ என்று ஒரு சத்தம் கொடுத்தால் பாதிப் பந்தி சோற்றிலிருந்து தலை நிமிரும். தூத்துக்குடியில் முத்துக் குளித்ததெல்லாம் அந்தக் காலம். கடலிலிருந்து எடுத்த முத்தை நான் கண்ணால் கண்டதில்லை, அத்தையும் கண்டதில்லை. அதனால் என்ன? முத்துப்பேச்சி, முத்துலட்சுமி, முத்துச்செல்வி, ஆண்பிள்ளை என்றால் முத்துராஜ் என்று, கடலில் கிடைக்காததையெல்லாம் தொட்டிலில் எடுத்துக்கொண்டார்கள். கனி சேர்ந்தது இனிப்புக்கு. முத்தாகவும் பழமாகவும் ஒரு பெண். இதைவிட ஆசையாக ஒரு பிள்ளைக்கு என்ன பெயர் வைத்துவிட முடியும்? இப்போது இப்படிச் சொல்கிறேன். அப்போது யாராவது சொல்லியிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன்.

பிள்ளை பிறந்தது. பெண். ஆஸ்பத்திரியில் அத்தை பிள்ளையைக் கையில் வாங்கியதுமே நான் சண்டைக்குத் தயாரானேன். அத்தையோ, “என் பேரு வேண்டாம்ளா. சவத்துப் பேரு. பள்ளிக்கூடத்துல பிள்ளையள் கேலி பண்ணும். உனக்குப் பிடிச்சத வையி” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு மாமியார் யாருக்குக் கிடைப்பார்!

பேர் வைக்கும் விசேஷத்துக்கு அம்மா வீட்டிலிருந்து மில்லர்புரத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்கு வந்தேன். முந்தின நாள் காலையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், வாசலில் ஒரு குரல்: “ஏளா முத்துக்கனீ!” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் அப்படிச் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அத்தையோடு ஆத்தூரில் ஒன்றாகப் படித்த சிநேகிதி, கையில் ஒரு கட்டு வெற்றிலையோடு நிற்கிறார். மூட்டுவலி என்று கட்டிலை விட்டு எழுவதற்கே ஒரு பாட்டு பாடுகிற அத்தை, அடுப்படியிலிருந்து ஓடினார். நிஜமாகவே ஓடினார், கையில் சோப்பு நுரையோடு. அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! பாவாடை கட்டின பிள்ளை மாதிரி இருந்தது.

சிநேகிதி போன பிறகு அத்தை வெற்றிலையைத் துடைத்தபடியே சொன்னார்: “என் பேரைச் சொல்லிக் கூப்பிட இவ ஒருத்திதாம்ளா மிச்சம். உன் மாமா இருந்தமட்டும் ‘ஏளா’தான். பிள்ளையளுக்கு அம்மா. உனக்கு அத்தை. தெருவுக்கு அண்ணாச்சி வீட்டம்மா. சில நேரம் எனக்கே என் பேரு மறந்துரும் போ.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் வேண்டாம் என்று சொன்னது எனக்காக. உள்ளுக்குள் ஆசை இல்லாமலா இருக்கும்? அந்த ஒரு குரலும் நின்றுபோனால் பிறகு அந்தப் பெயரை யார் கூப்பிடுவது? மிருதுளா அந்த நிமிஷமே என்னை விட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் வீடு கொள்ளாத ஆள். பிள்ளையின் காதில் பெயர் சொல்ல வேண்டியவர் என் கணவரின் அக்கா, என் மதினி. “என்ன பேருளா? சொல்லு, காதுல சொல்லிருதேன்” என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மருமகள் மாமியார் பெயரை வாயால் சொல்லக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என் கணவரைப் பிடித்து இழுத்துச் சொல்ல வைப்பேன்.

“கடல்ல குளிச்சு எடுப்பாவள்லா மதினி, அது...” என்றேன்.

“சங்கா?”

“சங்கில்ல மதினி. மாலையா கோப்பாவளே. அதோட, மரத்துல பழுத்துத் தொங்குமே, அது.”

“சங்குல மாலை கோத்து மாமரத்துல தொங்கவிடவா? நல்லா இருக்குளா பேரு!”

கூடம் முழுக்கச் சிரிப்பு. மதினிக்கு எப்போதோ புரிந்துவிட்டது. வேண்டுமென்றே இழுக்கிறார் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. என் கணவர் வேறு, “பவளமோ? உப்போ?” என்று எடுத்துக் கொடுக்கிறார். இந்த மனுஷனை என்ன செய்ய! எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நெசமாவா சொல்லுத?”

தலையாட்டினேன்.

“அப்போ அவ எதுக்கு? நீயே வாயத் தொறந்து சொல்லுளா.”

“உங்க பேரை நான் எப்படி அத்தை...”

“நான்தான சொல்லுதேன். சொல்லு. எனக்குக் கேக்கணும்.”

குனிந்து பிள்ளையின் காதருகே வாயைக் கொண்டுபோனேன். காதோடு சொல்ல வேண்டியதை வீடே கேட்கும்படி சொன்னேன்.

“முத்துக்கனி.”

பிள்ளை நல்ல தூக்கத்தில் இருந்தது.

“இந்தா இருக்கேன்ளா” என்றார் அத்தை.